ஊசி ஓடையில் நின்ற வண்டி

என் புருஷன் லைலின் வண்டி ஊசி ஓடைப் பாதை தொடங்குகிற இடத்தில் நிற்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வீட்டில் கூடியிருந்த அக்கம்பக்கத்தார் எல்லோரும், "அப்பாடா, இடம் தெரிஞ்சுபோச்சு" என்று மூச்சு விட்டார்கள். என்னால் மட்டும் அப்படி மூச்சு விட முடியவில்லை. லைலின் வண்டி ஓர் இடத்தில் நிற்கிறது என்றால், லைல் அந்த இடத்தில் இல்லை என்று அர்த்தம்.

ஐடஹோ மலைக்காரர்களுக்கு இது புரியும். மான் வேட்டை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, எவன் வண்டி எந்த ஓடையில் நிற்கிறது என்று ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். வண்டி நிற்கிற இடத்துக்கு மேலேதான் அவன் மரத்தில் கட்டிய, எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கிற கேமராக்கள் இருக்கும். கேமரா இருக்கிற இடத்தில்தான் பெரிய மான் இருக்கும். அதனால் லைல் வண்டியை ஓர் ஓடையில் விட்டுவிட்டு, பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்து வைத்த பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, மண்சாலையில் எங்கேயோ மிதித்துப் போய் வேறொரு மலையில் ஏறுவான். எந்த மலை என்று எனக்கும் சொல்ல மாட்டான். "உனக்குத் தெரியலைன்னா உன் வாயைப் பிடுங்க முடியாதுல்ல" என்பான். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் பேசுகிற பேச்சு இது.

வெள்ளிக்கிழமை கிளம்பினான். கேமராக்களின் கார்டையும் பேட்டரியையும் மாற்றிவிட்டு, ஒரு ராத்திரி மேலே தங்கி, சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். சாப்பாடு ஆறியது. மலையில் போன் எடுக்காது. அதற்காகவே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று வாங்கியிருந்தோம். அதற்குச் செய்தி அனுப்பினேன். படுக்கையறையில் அவன் சாக்ஸ் வைக்கிற டிராயருக்குள் ஏதோ கீச் கீச்சென்றது.

திறந்து பார்த்தேன். கருவி உயிரோடு, பச்சை விளக்கு மின்ன, சாக்ஸுக்கு நடுவில் படுத்திருந்தது. அதன் கணக்கு லைலும் அவன் தம்பி கார்த்தும் சேர்ந்து எடுத்தது. ஒருவன் எங்கே இருக்கிறான் என்பது மற்றவன் போனில் புள்ளியாகத் தெரியும். அண்ணன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று தம்பி நினைக்க வேண்டும். அதற்காக அதை வீட்டில் விட்டுவிட்டு மலை ஏறியிருக்கிறான் என் அதிபுத்திசாலி. டிராயரை அறைந்து மூடினேன். ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

அண்ணன் தம்பி இருவரும் மூன்று வருஷம் முன்புவரை ஒன்றாகத்தான் வேட்டைக்குப் போனார்கள். ஒரு பெரிய ஆண்மானை லைல் இரண்டு கோடைக்காலம் கேமராவில் வளர்த்தான்; வளர்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படி அதன் படங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வேட்டை தொடங்கிய முதல் காலையில் கார்த் அதைச் சுட்டுவிட்டான். "மான் என்ன பட்டா போட்ட நிலமா?" என்று கேட்டான். அதன் தலை இப்போது கார்த் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அன்றிலிருந்து லைல் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. நல்ல நாளில் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தால், "உப்பை இப்படித் தள்ளு" என்பதோடு பேச்சு முடியும்.

நான் ஊசி ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாற்பது பேருக்குக் குறையாது. ஞாயிறு வழிபாட்டை விட்டுவிட்டு ஊர் திரண்டிருந்தது. நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் எங்கள் சபை பிஷப்பின் மனைவி பெரிய தட்டு நிறையப் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். விருந்துக்கும் செய்வோம், கல்யாணத்துக்கும் செய்வோம். ஆனால் எங்கள் பக்கம் அந்தப் பண்டத்துக்குப் பெயரே ‘சாவு உருளைக்கிழங்கு.’ "ஒரு வாய் சாப்பிடு வெர்னா, தெம்பு வேணும்" என்று தட்டில் போட்டு நீட்டினாள். அதை வாங்கி அவள் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று தோன்றியது. வாங்கி, என் வண்டியின் பானெட் மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

தேடுதலுக்குப் பொறுப்பு ஓரின். துணை ஷெரீஃப். நான் ஓட்டுகிற பள்ளிக்கூடப் பஸ்ஸில் எட்டு வருஷம் போய் வந்தவன். இடுப்பில் துப்பாக்கி வந்த பிறகும் எனக்கு அவன் அதே ஓரின்தான்.

"அக்கா, நாய் வண்டியைச் சுத்தியே மோந்துட்டு நிக்குது. மேல ஏற மாட்டேங்குது" என்றான்.

"எப்படிடா ஏறும்? அவன் இங்க ஏறவே இல்ல. பின்னால பாரு, சைக்கிள் இருக்கா?"

"சரிக்கா, ஒத்துக்கறேன். அப்ப எங்க ஏறினாரு?"

"தெரியாது."

"அக்கா..."

"தெரியாதுடா! சொல்லித் தொலைச்சாத்தானே தெரியும்?"

ஓரின் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். மூன்று பக்கமும் மலை. மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தது, ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது. ராத்திரி மேலே பனி விழுந்திருக்கிறது, மறுபடி விழப்போகிறது. "எங்கன்னு ஆளை அனுப்புறது சொல்லுங்க? வண்டி நிக்கிற இடத்துலேர்ந்து தேடறதுதான் முறை" என்றான். அவன் முறையில் தப்பில்லை. ஆனால் இந்த உலகத்தில் லைல் இல்லவே இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடத்தை நாற்பது பேர் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

வீட்டிலிருந்து லைலின் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். அவன் யாருக்காவது மான் படம் காட்டினால், பின்னால் இருக்கும் மலையையும் மரத்தையும் மங்கலாக்கிவிட்டு மானை மட்டும்தான் காட்டுவான். மங்கலாக்காத படங்கள் கணினியில் இருந்தன. அதில் ஒன்றைத் திறந்தேன். நெருப்பில் கருகிய மொட்டை மரம். அதற்குப் பின்னால் வெள்ளைக் கோடு ஓடும் பாறைச் சுவர், மேலே பல் விழுந்த வாய் மாதிரி ஒரு பிளவு. நடுவில், கழுதைக்கு இருப்பதுபோல் நீண்ட காதை விரித்துக்கொண்டு, ஒரு கொம்பின் நுனி கீழ்நோக்கி வளைந்த மிகப் பெரிய ஆண்மான். லைல் அதற்குக் கொக்கி என்று பெயர் வைத்திருந்தான்.

ஆகஸ்டில் இந்தப் படத்தை எனக்கு மட்டும் காட்டினான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "நான் செத்தாலும் இது கார்த் கண்ணுல படக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றான். சோப்புக் கையை அவன் தலையில் வைத்துச் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தேன்.

ஓரின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "நான் பள்ளத்தாக்குக்காரன்க்கா. இவ்வளவு உசரம் எனக்குப் பழக்கமில்ல. இது எந்த இடம்னு சொல்ற ஆளு இந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான்." அவன் யாரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பாம்பின் கால் பாம்பறியும்.

கார்த் ஓடையின் மறுகரையில் ஒரு குழுவோடு தேடிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு என் வண்டிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். மடியில் கணினியை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூடியைத் திறக்காமலே இருந்தேன். செத்தாலும் காட்டாதே என்றுதானே சத்தியம். சாகாமல் இருப்பதற்குக் காட்டலாம். திறந்தேன்.

கார்த் பார்த்தான். மானைப் பார்க்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். இந்த மலைகளில் எந்த ஆண்பிள்ளையும் அப்படியொரு கொம்பைப் பார்த்தால் வாயைப் பிளப்பான். இவன் கண் அதைத் தாண்டிக் கருகிய மரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"தெரியுமா தெரியாதா?" என்றேன்.

"தெரியும் அண்ணி. கழுதைப் பள்ளம்."

"எப்படி ஒரே பார்வையில சொல்றே?"

அவன் கையுறையைக் கழற்றினான், மாட்டினான். "என் கேமராவும் அங்கதான் இருக்கு. அந்தக் கருகின மரத்துக்கு எதிர்ல."

"என்னது?"

"ஜூலையிலேயே அண்ணன் என் கேமராவுல விழுந்துட்டாரு. என் கேமரா இருக்கறது அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டேன். சும்மா இருந்துட்டேன்."

"அப்ப காலையிலேர்ந்து இங்க எதுக்குடா புல்லை விலக்கிக்கிட்டு நிக்கறே?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"வண்டி இங்க நிக்குதே அண்ணி. வண்டியை இங்க விட்டுட்டு அத்தனை தூரம் யாரு..."

"நீ கழுதைப் பள்ளத்துக்குப் போனா உன் வண்டியை எங்க விடுவே?"

கார்த் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காது சிவந்துவிட்டது. காலையிலேயே அவன் மனதில் அந்த இடம் வந்துபோயிருக்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் தன் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாற்பது பேர் காதில் விழ. வண்டி இங்கேதானே நிற்கிறது என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். அறைந்திருப்பேன். அதற்கு நேரமில்லை.

ஓரினிடம் சொன்னோம். நான்கு பேரையும் தூக்குக்கட்டிலையும் திரட்டிக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொன்னான். "நீங்க இருங்கக்கா, மேல பனி" என்று இழுத்தான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்த்தின் வண்டியில் ஏறி மலையைச் சுற்றிப் போனோம். ஒரு வளைவில் அவன் நிறுத்தி இறங்கி, யோசிக்காமல் நேராக ஒரு புதருக்குப் போய் விலக்கினான். லைலின் சைக்கிள் அங்கே படுத்திருந்தது, சீட்டின் மேல் பனி.

"அங்கதான் இருக்கும்னு எப்படித் தெரியும்?"

"நானும் அங்கதான் ஒளிச்சு வைப்பேன்" என்றான் கார்த், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஏறினோம். என் முழங்கால் நல்ல நாளிலேயே மாடிப்படிக்கு அழும். அன்று அது இருப்பதே எனக்குத் தெரியவில்லை. முதலில் ஈரம், பிறகு கணுக்காலளவு பனி. பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை. லைல் என்று கூப்பிட்டேன். பதில் வராதபோது என்ன என்னவோ தோன்ற ஆரம்பித்ததால் கூப்பிடுவதை நிறுத்தினேன். கார்த் மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே முன்னால் போனான். மூன்று வருஷமாக வாயில் வராத வார்த்தை, மலை முழுக்க அண்ணா, அண்ணா என்று.

கழுதைப் பள்ளத்தில் அந்தக் கருகிய மரம் படத்தில் பார்த்தபடியே நின்றது. அதில் லைலின் கேமரா இல்லை, வார் கட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். எங்கே? கீழேயா, மேலேயா? மேலே மூன்று பக்கமும் பாறை. ஒரு பக்கத்தைத் தேடி முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

எதிர் மரத்துக்குப் போன கார்த், "நான் இப்படி வைக்கலையே" என்றான். அவனுடைய கேமரா மான்தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே பாறை உருண்டு கிடக்கும் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி மேல் பனி அப்பியிருந்தது.

கார்டை உருவிப் போனில் செருகினான். இருவரும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். முதல் படம் வெள்ளிக்கிழமை மத்தியானம். திரை முழுக்க லைலின் மூஞ்சி. பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பியின் கேமராவைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், சின்னப் பிள்ளைகள் சண்டையில் செய்கிற மாதிரி. அந்தக் கெட்ட மூஞ்சியை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த படத்தில் அவன் முதுகு. தன் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு பாறைச் சரிவில் ஏறுகிறான். தம்பி கண்ணுக்கு எட்டாத இடத்தில் கட்டப் போயிருக்கிறான்.

எதுவும் அசையாவிட்டாலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று படம் எடுக்கும்படி கார்த் கேமராவை வைப்பான். சேர்ந்து போன காலத்தில் இருவருக்கும் அதுதான் வழக்கம். வெள்ளி மாலைப் படம் வந்தது. சாம்பல் நிறப் பாறைகள். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு.

"போர்வை" என்றேன். அவசரத்துக்கு என்று அவன் பையில் நான் திணித்து வைக்கும் மெல்லிய ஆரஞ்சுப் போர்வை. கனம் கனம் என்று ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்துப் போடுவான், நான் மறுபடி திணிப்பேன்.

சனிக்கிழமை காலைப் படத்தில் பொட்டு அதே இடத்தில் இருந்தது. ஆனால் உருவம் மாறியிருந்தது. கார்த் விரலால் பெரிதாக்கினான். ஊன்றுகோலின் நுனியில் போர்வையைக் கட்டி யாரோ உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சனி மாலைப் படத்திலும் கோல் உயர்ந்திருந்தது, கொஞ்சம் சாய்வாக.

கார்த் நிமிர்ந்து சரிவைப் பார்த்தான். "அண்ணி, எனக்குத்தான் காட்டறாரு. காலையும் சாயங்காலமும் எடுக்கும்னு அவருக்குத் தெரியும். நான் வந்து கார்டு எடுப்பேன்னு... அடுத்த வாரம்தான் அண்ணி வரதா இருந்தேன்." கேமராக் கண்ணாடியில் அப்பியிருந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்தான்.

எனக்குக் கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. பெண்டாட்டி தேடி வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. தேடி வர எனக்கு என்ன அடையாளம் விட்டுவைத்திருந்தான்? யாரிடமிருந்து ஒளிந்தானோ அவனுடைய கேமராவைப் பார்த்துத்தான் இரண்டு நாளும் கையைத் தூக்கியிருக்கிறான்.

இன்னும் ஒரு படம் இருந்தது. ஞாயிறு காலை, அதாவது இன்றைக்கு. கார்த் விரலைத் திரைக்குக் கொண்டுபோனான், தள்ளாமல் நிறுத்தினான். நான்தான் தள்ளினேன். வெறும் வெள்ளை. பாறையும் இல்லை, பொட்டும் இல்லை.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சரிவில் ஏறினோம், நாலு காலில். பாறை ஒவ்வொன்றும் பனிக்கடியில் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கியது. எந்த மேட்டைப் பார்த்தாலும் ஆள் படுத்திருக்கிற மேடாகத் தெரிந்தது. கடவுளே, எவ்வளவு கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் அவன் என்னைத் திட்டட்டும், வாய் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அண்ணி!" என்றான் கார்த்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில், பனிக்கு வெளியே ஆரஞ்சுத் துணியின் ஓர் ஓரம். கார்த் வெறுங்கையால் பனியை வாரி எறிந்தான். லைலின் வலது கால் முழங்கால்வரை பாறைக்கடியில் இருந்தது. முகம் மெழுகுபோல் வெளுத்திருந்தது. தாடியில் பனிக்கட்டி. கன்னத்தில் கை வைத்தேன். சில்லென்று, மீனைத் தொட்டதுபோல். செத்துவிட்டான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் ஒரு கண் திறந்தது.

என்னைப் பார்த்தது. பிறகு கார்த்தைப் பார்த்தது. உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"கொக்கியைக்... காட்டிட்டியா?"

"காட்டிட்டேன். ஊர் பூரா போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டேன். போதுமா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே என் மேல்சட்டையை அவிழ்த்து அவன் மேல் போட்டேன். பள்ளத்தின் அடியில் ஓரினின் ஆட்கள் குரல் கொடுத்தார்கள். கார்த் எழுந்து கையை ஆட்டிவிட்டு, பையில் சுருட்டி வைத்திருந்த, குளிரில் தூங்குவதற்கான மெத்தென்ற தூக்கப்பையை விரித்து, அண்ணனின் முதுகுப் பக்கம் தானும் பாறையில் படுத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு அவனை இறுகக் கட்டிக்கொண்டான். லைல் அதிகமாக நடுங்க ஆரம்பித்தான். நடுங்கினால் நல்லதுதான் என்றான் கார்த். அந்தக் கால் போனாலும் போகலாம் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. போகட்டும்.

"கார்டு எடுக்க... இவ்வளவு நாளா உனக்கு?" என்றான் லைல். பல் அடித்துக்கொண்டது.

"தப்புதாண்ணா."

"வெள்ளிக்கிழமை விழுந்தேன். சனிக்கிழமை ரெண்டு வேளையும் கோலைத் தூக்கினேன்."

"பாத்தேன். ரெண்டும் பாத்தேன்."

லைல் கண்ணை மூடினான். மறுபடி போய்விடுவானோ என்று அவன் கன்னத்தைத் தட்டினேன். திறந்தான். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

"இன்னிக்குக் காலையிலயும் தூக்கினேன்டா. கை வரல. கொஞ்சம்தான் தூக்க முடிஞ்சுது. பனி வேற. அது... படத்துல விழுந்துச்சா?"

கார்த் அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"விழுந்துச்சுண்ணா" என்றான். "நல்லாத் தெளிவா விழுந்துச்சு."

"ஆமா," என்றேன், "நானும் பாத்தேன்."